பழைய ஓட்டோ பென்ஸில் கியர் லீவர் முறிந்தால்: கியர்பொக்ஸை இறக்காமல் சரிசெய்யும் முறை

கேள்வி சுருக்கமாக இது: 1982ஆம் ஆண்டு பென்ஸ் 230ஈ, டபிள்யூ 123 பொடி, ஓட்டோ கியர். பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு இழுக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். அதன் பிறகு லீவர் தொளதொளவென்று ஆடுகிறது. கார் காத்தான்குடியில் வீட்டு முற்றத்தில் பார்க்கிலேயே நிற்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். லீவர் எங்கே எடுக்கலாம், வீட்டில் வைத்தே மாற்ற முடியுமா?

கியர்பொக்ஸை இறக்க வேண்டிய தேவை இல்லை. லீவரை வாங்கவும் இப்போதே ஓட வேண்டாம். இந்தப் பொடியில் நீங்கள் சொல்கிற அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் லீவர் அல்ல. லீவரின் கீழ்முனையில் இருக்கும் விரல்நுனி அளவான பிளாஸ்டிக் வளையம், அதாவது புஷ். லீவரே முறிவதும் உண்டு, ஆனால் குறைவு. எது முறிந்தது என்று தெரியாமல் பழைய லீவர் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்துப் பூட்டினால், பழைய லீவரில் தேய்ந்துபோயிருக்கும் புஷ்ஷையும் சேர்த்தே பூட்டியிருப்பீர்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் கையில் பிடிக்கும் லீவர் கொன்சோலுக்குக் கீழே ஒரு கூட்டுக்குள் குறுக்கு அச்சில் ஆடுகிறது. அந்த அச்சுக்குக் கீழே, காரின் தரைக்கு வெளியே, லீவரின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலில் உள்ள ஊசியில் ஒரு தண்டின் கண் (முனைத் துளை) புஷ்ஷோடு கோர்க்கப்பட்டிருக்கும். தண்டின் மறுமுனை கியர்பொக்ஸின் இடப்பக்கத்தில் நெம்புகோல் போல நீட்டியிருக்கும் சிறு கைக்குப் போகிறது. அங்கேயும் ஒரு புஷ். அந்தக் கை திரும்பும்போது பொக்ஸுக்கு உள்ளே மூன்று காரியம் நடக்கும்: ஒயில் போகும் பாதையைத் தீர்மானிக்கும் வால்வு நகரும், பற்கள் வெட்டிய தகடு ஒன்றில் ஸ்பிரிங் உருளை ஒவ்வொரு குழியாக விழும், பார்க்கில் மட்டும் ஒரு கொக்கி வந்து பற்சில்லைப் பூட்டும். கையில் உணர்கிற "கிளிக்" அந்தக் குழியில் உருளை விழுவது. ஆகவே கார் எந்தக் கியரில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பொக்ஸுக்குள் இருக்கும் அந்தக் குழிதான். கொன்சோலில் உள்ள எழுத்து எதைக் காட்டினாலும் அதற்கு அதிகாரம் இல்லை. பின்னால் வரும் சரிபார்ப்பு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

எது முறிந்தது என்று கையாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். லீவர் முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் போய்வருகிறது, கிளிக் ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் பக்கவாட்டில் முன்போல இறுக்கமாகவே இருக்கிறது என்றால் கீழ்ப் புஷ் உடைந்து தண்டு கழன்றிருக்கிறது. பக்கவாட்டிலும் ஆட்டம், உள்ளே கடகடவென்ற சத்தம் என்றால் கூட்டுக்குள் இருக்கும் குறுக்கு அச்சோ அதன் புஷ்களோ போய்விட்டன. பிடியோடு குரோம் கம்பி கையில் வந்துவிட்டால் அது உண்மையான லீவர் முறிவு. லீவர் பாதி தூரம் மட்டும் போய் ரப்பர் போல மெத்தென்று நின்றால் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது கியர்பொக்ஸ் பக்கத்துக் கை இறுகியிருக்கலாம். இந்தக் கடைசி நிலைமையைக் கவனமாகப் பாருங்கள். அதற்குத் திரும்ப வருகிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவது வகை போலத்தான் தெரிகிறது. உறுதிப்படுத்த காருக்குக் கீழே போக வேண்டும். போவதற்கு முன் சில விடயங்கள்.

கார் இப்போது நகராமல் நிற்பது உள்ளே கொக்கி விழுந்திருப்பதால். கீழே படுத்துக்கொண்டு அந்தக் கையை நீங்கள் ஒரு கிளிக் நகர்த்தினால் கொக்கி விலகிவிடும். அந்த நேரத்தில் காரைப் பிடித்து வைக்க வேறொன்றும் இல்லாவிட்டால் அது உங்கள் மேலேயே உருளும். முற்றம் தட்டையானதுதானே என்று விட்டுவிட வேண்டாம். முன்சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் பார்க்கிங் பிறேக்குக்கு வேலையில்லை, அது பின்சில்லைத்தான் பிடிக்கும். அப்போது கட்டைகள் மட்டுமே காரைப் பிடித்திருக்கும்.

காத்தான்குடி, கல்லடி, கல்முனைப் பக்க முற்றங்களில் இன்னொரு சிக்கல் மணல். ஜக்கின் அடி மணலில் மெதுவாகச் சாயும், ஸ்டாண்டின் கால் ஒன்று மட்டும் புதையும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்குக் கீழும் ஒரு அடிக்கு ஒரு அடி, குறைந்தது முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகை போடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துவது ஊரில் வழக்கம், செய்ய வேண்டாம். உள்கூடான கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைத் தோளால் ஒருமுறை நன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போகவேண்டும். பட்டரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். சைலன்சர் குழாய் ஆறியிருக்க வேண்டும்.

கீழே டோர்ச் அடித்துப் பார்த்தால், லீவரின் காலில் இருக்கவேண்டிய தண்டு தொங்கிக்கொண்டிருப்பது தெரியும். சுற்றிலும் மஞ்சளோ பழுப்போ ஆன பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அதுதான் புஷ்ஷின் மிச்சம். தண்டு இரண்டு முனையிலும் ஒழுங்காகக் கோர்த்தே இருக்கிறதென்றால் முறிவு மேலே, கூட்டுக்குள்.

இப்போது தவற விடக்கூடாத ஒரு சோதனை. தண்டைக் கியர்பொக்ஸ் பக்கத்துக் கையிலிருந்து பிரித்துவிட்டு, அந்தக் கையை மட்டும் விரல்களால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பொக்ஸில் அது ஒவ்வொரு குழியிலும் கிளிக் கிளிக் என்று சுத்தமாக விழுந்து எழும். பெரிய பலம் தேவைப்படாது. குறடு போட்டுத்தான் நகர்த்த முடிகிறது என்றால் உங்கள் லீவரை உடைத்தது எது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். கடற்காற்றும் வாவிப் பக்கத்து ஈரமும் அந்தக் கையின் அச்சு பொக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தில் துருவை உண்டாக்கும். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் நிச்சயம் அங்கே பாருங்கள். துரு இளக்கும் ஒயிலை அடித்து ஓர் இரவு விட்டு, மெதுவாக அசைத்து, மறுபடி அடித்து, கை இலகுவாகும் வரைக்கும் செய்யவேண்டும். இதைச் செய்யாமல் புதிய புஷ் போட்டால் சில மாதத்தில் மறுபடி அதே "டக்".

அதே பார்வையில் கியர்பொக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டையும் பாருங்கள். அது நசுங்கி பொக்ஸ் கீழே இறங்கியிருந்தால் தண்டு கோணலாக இழுபடும். எஞ்சினை உதறலோடு ஸ்டார்ட் பண்ணும் ஒவ்வொரு முறையும் அந்த இழுவை புஷ்ஷில்தான் விழுகிறது.

காரை எங்காவது கொண்டுபோக வேண்டுமென்றால்: சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, கீழே கையை நியூட்ரலுக்கு நகர்த்தி, பிறகு கட்டையை எடுத்துத் தள்ளலாம். கட்டி இழுப்பதானால் மெதுவாக, கிட்டிய தூரத்துக்கு மட்டும். ஓட்டோ பொக்ஸின் ஒயில் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் நின்ற நிலையில் பின்சில்லு சுழன்றால் உள்ளே ஒயில் ஓடாமல் காய்ந்துதான் சுழலும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை இழுக்கும் எண்ணம் இருந்தால் பின்சில்லைத் தூக்கி இழுக்கும் வாகனத்தைக் கூப்பிடுவதே மலிவு. பொக்ஸின் கையை டிரைவில் வைத்துவிட்டு ஸ்டார்ட்டருக்கு நேராக வயர் கொடுத்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பார்க், நியூட்ரல் தவிர மற்ற நிலைகளில் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிச் இருப்பது அந்த விபத்தைத் தடுக்கத்தான்.

இனி சாமான். புஷ் மட்டும் போயிருந்தால் இரண்டு முனைக்கும் இரண்டு புஷ், இரண்டு பிடிகிளிப். நான்கு நான்காக வாங்குங்கள். பூட்டும்போது ஒன்று பிளந்துபோவது சாதாரணம், கிளிப் புல்லுக்குள் பாய்ந்து காணாமல் போவது அதைவிடச் சாதாரணம். கூட்டைக் கழற்றுவதென்றால் அதற்கும் தரைக்கும் இடையில் உள்ள ரப்பர் சீலும் வேண்டும். அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சேறும் மற்ற நாளில் சூடும் புகையும் உள்ளே வரும்.

புஷ் கிடைக்காவிட்டால் லேத் கடையில் கடைந்துகொள்ளலாம். இதில் இரண்டு பேச்சு உண்டு. பித்தளையில் கடைந்தால் ஆயுளுக்கும் நிற்கும் என்பார்கள். நிற்கும், ஆனால் அது புஷ்ஷுக்குப் பதிலாக லீவரின் ஊசியைத் தேய்க்கும், எஞ்சின் அதிர்வை நேராகக் கையில் கொண்டுவந்து தரும். தேய வேண்டியது மலிவான சாமான். ஊசி தேய்ந்தால் முழு லீவரும் போச்சு. பிளாஸ்டிக்கே நல்லது. அதிலும் சாதாரண நைலோன் ஈரத்தை உறிஞ்சி ஊதும். நம் பக்கத்துக் காற்றில் மார்கழி மழைக்கு இறுகிப்போகிற நைலோன் புஷ்கள் அதனால்தான். டெல்ரின் என்று விற்கும் வெள்ளை அல்லது கறுப்புக் கம்பி ஈரத்தை அவ்வளவாக எடுக்காது, கடைவதற்கும் சுத்தமாக வரும். லேத்காரரிடம் பழைய புஷ்ஷின் துண்டைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்வதில் பயனில்லை, அது ஏற்கெனவே தேய்ந்தது. ஊசியின் விட்டம், தண்டுக் கண்ணின் உள்விட்டம், கண்ணின் தடிப்பு மூன்றையும் வேர்னியரால் அளந்து எழுதிக் கொடுங்கள். ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நைலோன்தான் கிடைத்தது என்றால் 0.2 விடச் சொல்லுங்கள். ஊசியைத் தேய்ந்த பக்கத்தில் அளக்காமல், அதற்குச் செங்குத்தான பக்கத்தில் அளக்க வேண்டும்.

லீவரே முறிந்திருந்தால் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம். தனி லீவராகக் கேட்காமல் கூடு, கேட் (லீவர் போய்வரும் வெட்டுள்ள தகடு), லீவர் மூன்றும் சேர்ந்த முழுச் செட்டாகக் கேளுங்கள். உள்ளே உள்ள அச்சும் கேட்டின் வெட்டும் ஒன்றோடொன்று பழகியவை. தனியாக எடுத்த லீவர் உங்கள் கூட்டில் ஆடும். பென்ஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வார். அதே காலத்துப் பெரிய பொடிகளின் லீவர் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், காலின் நீளமும் வளைவும் வேறு. கேட்டில் உள்ள எழுத்துகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் பழைய சாமானை ஓர் அடிமட்டத்தோடு சேர்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அச்சின் நடுவிலிருந்து கீழ் ஊசியின் நடுவரைக்குமான அளவை எழுதி அனுப்புங்கள். அந்த ஓர் அளவு சரியென்றால் மற்றவை பெரும்பாலும் சரியாக இருக்கும். சாமான் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: கீழ் ஊசியில் பள்ளம் விழுந்திருக்கிறதா, அச்சில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா, குரோமுக்குக் கீழே வெல்டிங் தழும்பு இருக்கிறதா.

வெல்டிங் செய்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, செய்யலாம். ஒட்டாவிட்டால் வார்ப்பு அலோய். அது நாகக் கலப்பாக இருந்தால் 400 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே உருகி ஓடிவிடும், சாதாரண வெல்டிங்குக்கு நிற்காது. அதை விட்டுவிட்டு வேறு செட் தேடுவதுதான் வழி. இரும்புக் கம்பி என்றால் காரிலிருந்து முழுவதும் கழற்றிய பிறகே வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கார்ப்பெட்டும் கீழே பெட்றோல் குழாயும் இருக்கும் இடத்தில் பொறி பறக்கக் கூடாது. முறிந்த இரு முனையையும் சாய்வாக ராவி, நடுவில் துளைத்து ஒரு சிறிய இரும்பு ஊசியைச் செருகி நேராக்கிய பிறகு சுற்றி வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். வெறும் மேல்பூச்சாக ஒட்டியது முதல் இழுவையிலேயே மறுபடி விடும். முறிவைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குக் குரோமை முதலில் ராவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்ட் நுரைத்துப்போகும், அந்தப் புகையும் நெஞ்சுக்குக் கூடாது. முறிவு கீழ்க்காலில் ஊசி பொருத்திய இடத்தில் என்றால் வெல்டிங்கை நான் சொல்லமாட்டேன். அங்கே ஊசி அரைப் பாகை சாய்ந்தாலும் புஷ்ஷைத் தின்றுவிடும்.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. புஷ் மட்டும் என்றால் மேலே கொன்சோலைத் தொடவே வேண்டாம், முழுவதும் கீழிருந்தே நடக்கும். லீவர் செட் என்றால் மேலே மரப் பட்டியையும் ஜன்னல் கண்ணாடிச் சுவிச்சுகளையும் எடுக்க வேண்டும். நாற்பது வருடத்து மரத்தகடு ஒரு மூலையில் நெம்பினால் கோடாகப் பிளக்கும். இரு பக்கமும் சமமாக, பிளாஸ்டிக் கரண்டியால் மெல்ல எழுப்புங்கள். எழுத்துகளுக்கு வெளிச்சம் தரும் சிறிய பல்ப் அந்த இடத்திலேயே இருக்கும், எரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள். வயர் சொக்கட்டுகளைப் பிரிக்குமுன் படம் எடுத்துவைத்தால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. கீழே தண்டைப் பிரித்துவிட்டு, கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்களைக் கழற்றினால் செட் மேலே வரும். கடலோரக் கார்களில் அந்தப் போல்ட்களின் நுனி தரைக்குக் கீழே துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே ஒயில் அடித்து வைத்து, நுனியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் திருப்புங்கள். தலை முறிந்தால் தரைத் தகட்டில் துளைத்து எடுக்கும் வேலை வரும், அது லீவர் மாற்றுவதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

புதிய புஷ்ஷைக் கண்ணுக்குள் ஏற்றும் இடத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். குளிர்ந்த பிளாஸ்டிக்கைச் சுத்தியலால் தட்டினால் உதடு பிளந்துவிடும். ஒரு கோப்பையில் கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, புஷ்ஷை ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். அதற்குள் கண்ணின் உட்புறத்தில் இருக்கும் துருவை மெல்லிய எமரித்தாளால் எடுத்து, ஓரத்தில் இருக்கும் கூர்மையை மழுக்கிவிடுங்கள். புஷ்ஷை வெளியே எடுத்ததும் தாமதிக்காமல் கண்ணில் வைத்து, ஒரு பக்கம் பெரிய வோஷர், மறுபக்கம் புஷ்ஷின் உதடு உள்ளே போகக்கூடிய அளவான சொக்கட், நடுவில் நீளமான போல்ட் என்று கோர்த்து நட்டை மெதுவாக இறுக்கினால், "பொக்" என்று உதடு மறுபக்கம் வெளியே வரும். சுற்றிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். உதடு முழுவட்டமாக வெளியே நிற்க வேண்டும். பாதி உள்ளே மடிந்திருந்தால் அது ஒரு வாரத்துக்குக்கூட நிற்காது, எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஊசியில் லித்தியம் கிறீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். கட்டியாகப் பூசினால் மணல் அதில் ஒட்டி அரத்தூளாக மாறும்.

செட்டை மேலே பூட்டும்போது சீலைச் சரியாக உட்காரவைத்து, போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். 10 மில்லிமீட்டர் சாவி பிடிக்கும் ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 9, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். கைச்சாவியால் மணிக்கட்டுப் பலத்துக்கு இறுக்கினாலே அவ்வளவு வரும்.

அடுத்தது தண்டின் நீளம். புதிய லீவரோ புஷ்ஷோ போட்ட பிறகு பழைய நீளத்தை அப்படியே நம்பக்கூடாது, ஏனென்றால் பழைய நீளம் தேய்ந்த புஷ்ஷுக்கு ஏற்றபடி யாரோ மாற்றியதாகவும் இருக்கலாம். பின்சில்லு இரண்டும் தரையைத் தொடாமல் இருக்க, பொக்ஸின் கையை ஒரு கோடிக்கு நகர்த்துங்கள். எந்தக் கோடி பார்க் என்று ஊகிக்கத் தேவையில்லை: புரொப்பலர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது பார்க்கில் மட்டும்தான் அது பூட்டிக்கொள்ளும். கொக்கி பல்லின் மேல் நின்றிருந்தால் ஷாஃப்ட்டைச் சிறிது ஆட்டியதும் விழும். சில்லைத் திருப்பிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பார்க்கில் இருந்தாலும் ஒரு சில்லைத் திருப்பினால் மற்றது எதிர்ப்பக்கம் சுழலும். பார்க்கிலிருந்து எண்ணி இரண்டாவது கிளிக் நியூட்ரல். முதலாவது ரிவர்ஸ்.

கை நியூட்ரலில் இருக்க, மேலே லீவரையும் நியூட்ரலில் வையுங்கள். இங்கே நுணுக்கம் ஒன்று: கேட்டில் நியூட்ரலுக்கு ஒரு தடுப்பு விளிம்பு இருக்கிறது. லீவர் அதில் ஒட்டி நிற்கக் கூடாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒருவர் மேலே இருந்து அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழே தண்டின் முனையைத் திருகி நீளத்தை மாற்றி, கண் ஊசியின் மேல் எந்த இழுவையும் இல்லாமல் தானாக வழுக்கிப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். தள்ளிப் பூட்ட வேண்டியிருந்தால் நீளம் தவறு. பிறகு கிளிப்பைப் போட்டு, தண்டை ஒரு சாவியால் திரும்பாமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் கண் சாய்ந்து புஷ்ஷின் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

தண்டின் நீளம் பிழைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. லீவர் டிரைவில் நிற்கும், உள்ளே உருளையோ இரண்டு குழிக்கும் இடைப்பட்ட மேட்டில் நிற்கும். வால்வு பாதி திறந்திருக்க, கிளச் தகடுகளுக்கு அழுத்தம் குறையும், அவை வழுக்கிக்கொண்டே ஓடி எரியும். கியர் பிந்தி விழுகிறது, ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, கார் போகுதில்லை என்று வந்து, கடைசியில் முழுப் பொக்ஸையும் பிரிக்கிற கார்களில் இப்படி ஆரம்பித்தவையும் உண்டு. பார்க் பக்கம் பிழைத்தால் கொக்கி முழுவதும் இறங்காமல் பல்லின் நுனியில் நிற்கும்.

அதனால் கொன்சோலை மூடுமுன் எல்லா நிலையையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கிளிக் முதலில் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் லீவர் கேட்டின் விளிம்பைத் தொட வேண்டும். விளிம்பு முதலில் தடுத்து கிளிக் கேட்காவிட்டால் தண்டு இன்னும் சரியில்லை.

பட்டரியைப் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, கால் பிறேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் ஸ்டார்ட் ஆக வேண்டும். ரிவர்ஸிலும் டிரைவிலும் ஸ்டார்ட்டர் அசையவே கூடாது. இதைச் சோதிக்கும்போது காருக்கு முன்னாலோ பின்னாலோ ஆள் நிற்க வேண்டாம். ரிவர்ஸில் பின்னால் வெள்ளை லைட் எரிய வேண்டும். தண்டு சரியாக இருந்தும் இவை பிழைத்தால் பொக்ஸின் பக்கத்தில் கையோடு சேர்ந்திருக்கும் சுவிச்சைச் சரிசெய்யுங்கள்: தண்டைக் கழற்றி, கையை நியூட்ரலில் வைத்து, சுவிச்சின் ஸ்குறூவைத் தளர்த்தி, அதன் நகரும் துண்டில் உள்ள துளையும் உடலில் உள்ள துளையும் நேராகும்படி ட்ரில் பிட் ஒன்றின் காம்பைச் செருகி, அப்படியே ஸ்குறூவை இறுக்கிவிட்டு எடுப்பது. ஒத்துவராததற்காக வயரை நேராக்கிவிடுவது ஊரில் நடக்கிறது. அப்படி நேராக்கிய கார் டிரைவில் கிடந்தபடியே ஸ்டார்ட் ஆகி முன்னால் பாயும்.

ஒயிலைப் பற்றி ஒரு சொல்: இந்த வேலையில் பொக்ஸைத் திறக்கவில்லை, ஒயில் மாற்ற வேண்டியதில்லை. கை உள்ளே போகும் இடத்தில் கசிவு தெரிந்தால் மட்டும், எஞ்சின் சூடாகி பார்க்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது குச்சியை எடுத்து அளவைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் அளவு பிழையாகக் காட்டும்.

கடைசியாகப் பார்க் சோதனை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுவதும் தட்டை. பார்க் பிடிக்காத கார் இங்கே வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஓடும். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலை, பசறைப் பக்கம் ஏறி, தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தும்போதுதான் தெரியவரும். அதற்கு முன் ஒரு குளக்கட்டின் ஏற்றத்தில், சில்லுக்கு அரை அடி கீழே கட்டை வைத்து, பார்க்கில் போட்டு, கால் பிறேக்கை மெதுவாக விட்டுப் பாருங்கள். ஓரிரு அங்குலம் அசைந்து நிற்பது சரி. கட்டை வரைக்கும் போனால் தண்டுக்குத் திரும்பவும் வேலை இருக்கிறது. காரின் முகத்தை மேலே வைத்தும் கீழே வைத்தும் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும்.

ஏற்றத்தில் நிறுத்தும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். பார்க்கில் போட்டுவிட்டுப் பிறேக்கை விட்டால் காரின் முழுப் பாரமும் அந்தக் கொக்கியில் தொங்கும். திரும்பப் புறப்படும்போது அதை இழுத்து எடுக்கும் பலம் முழுவதும் புஷ்ஷிலும் லீவரின் காலிலும்தான் விழுகிறது. "டக்" சத்தம் அங்கேதான் பிறக்கிறது. கால் பிறேக்கைப் பிடித்தபடி முதலில் பார்க்கிங் பிறேக்கைப் போட்டு, காரின் பாரம் அதில் இருந்த பிறகு லீவரைப் பார்க்குக்குக் கொண்டுபோங்கள். எடுக்கும்போது எதிர் ஒழுங்கு: கால் பிறேக், லீவர், கடைசியில் பார்க்கிங் பிறேக்.

500 கிலோமீட்டர் ஓடியதும் கீழே போய்ப் பூட்டு நட்டையும் இரண்டு கிளிப்பையும் ஒருமுறை பாருங்கள்.

ஸ்டியரிங் தண்டில் லீவர் உள்ள பழைய ஜப்பான் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன நீளமும் நியூட்ரலும் அப்படியே பொருந்தும், முறியும் இடம்தான் வேறு. அங்கே லீவர் ஒரு வளையத்துக்குள் செருகி, குறுக்கே ஓர் ஊசியால் பிடிக்கப்பட்டிருக்கும். ஊசியோ அதைத் தாங்கும் காதோ தேய்ந்து லீவர் சாயும். அந்த ஊசியைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுக்கும்போது மறுபக்கத்தில் கனமான இரும்பைத் தாங்கலாகப் பிடிக்க வேண்டும். விபத்தில் மடங்குவதற்கென்றே செய்த ஸ்டியரிங் தண்டுகளில் உள்ளே பிளாஸ்டிக் ஆணிகள் இருக்கும். தாங்கல் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் அவை அறுந்து, லீவர் சரியாகி ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும். பிடியில் பட்டன் உள்ள தரை லீவர்களில் முதலில் உடைவது பட்டனிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய கம்பியின் முனைத் துண்டு. லீவரைக் கழற்றுமுன் பிடியை எடுத்து அதைப் பார்த்துவிடுங்கள்.